முதுகில் ஊசி போட்டபின் வரும் நடுக்கம்

சென்ற ஆண்டு எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டுக் கால் மரத்த சிறிது நேரத்தில் தோளும் தாடையும் கிடுகிடுவென ஆடத் தொடங்கின. வெளியே கொண்டுவந்தபோதும் நடுக்கம் நிற்கவில்லை. வீட்டார் "ஜன்னி கண்டுவிட்டது" என்று அழுதேவிட்டார்கள். கன்னடத்தில் விவரம் கேட்கவும் அவர்களுக்குத் தெரியவில்லை. நான் மருத்துவன் அல்லன், வியாபாரி. இருந்தாலும் வைட்ஃபீல்டுத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படுமே என்று, கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

இம்முறையை 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்பவர் தொடங்கினார். ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ரத்தக்குழாய்கள் விரிகின்றன. நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள சூடு கால்களுக்கு இறங்கிவிடுகிறது. மரத்துப்போன கால்கள் நடுங்க முடியாது. ஆகவே மேல் உடம்பு நடுங்கிச் சூட்டை மீட்கப் பார்க்கிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வரும். ஜன்னி அல்ல. ஆனால் நடுங்கும் உடம்புக்குப் பிராணவாயு பல மடங்கு தேவைப்படுவதால், இதய நோயாளிகளுக்கு ஆகாது.

மருந்துகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பெத்திடின்: நெடுநாள் பழகியது, நன்றாக அடக்கும். வாந்தி வரலாம், மூச்சும் மந்தப்படலாம்.

டிரமடால்: மூச்சை அவ்வளவு பாதிக்காது. குமட்டல் உண்டு; வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

கெட்டமின்: ரத்த அழுத்தத்தை இறங்கவிடாது. சிலருக்குக் கண்முன் ஏதேதோ தோன்றும்.

டெக்ஸ்மெடிடோமிடின்: நடுக்கமும் அடங்கும், அமைதியான தூக்கமும் வரும். நாடித்துடிப்பும் அழுத்தமும் குறையக்கூடும்.

ஆன்டான்செட்ரான்: வாந்திக்குக் கொடுப்பது. நடுக்கத்தையும் ஓரளவு தடுக்கும். தொல்லை குறைவு, சிலருக்குத் தலைவலி.

இதில் எது உயர்ந்தது என்றால், ஆளைப் பொறுத்தது என்பதே விடை. அளவும் முக்கியம். கெட்டமினை முழு மயக்கத்துக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போடுவார்கள். நடுக்கத்துக்குக் கால் முதல் அரைதான். ஏலாதி என்னும் மருந்திலும் ஏலம் 1 பங்கு, சுக்கு 6 பங்கு என்று கணக்கு வைத்தார்களே, அதுபோலத்தான்.

நாம் செய்யவேண்டியது இரண்டு. வலிப்பு, இதய நோய், மனச்சோர்வு முதலியவற்றுக்குச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை முன்னரே டாக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் சில, பெத்திடினோடும் டிரமடாலோடும் சேரக்கூடாதவை. அடுத்து, ஊசிக்கு முன்பே உடம்பைச் சூடாக வைக்க வசதி உண்டா என்று கேளுங்கள். வெதுவெதுப்பான காற்றுப்போர்வையே நடுக்கத்தைப் பெரிதும் குறைக்கும். மொழி தெரியாவிட்டாலும் கேட்கத் தயங்காதீர்கள். அழுவதைவிடக் கேட்பது மேல்.