கூப்பிய கையும் விலங்குறுப்பும்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் வழியிலுள்ள திருமுருகன்பூண்டி, வேடுவர்பால் இழந்த பொருளைச் சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடி மீளப்பெற்ற தலமாதலை அன்பர் அறிவர். பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்ற இப்பகுதியில், அவ்வூர் இன்று கற்சிற்பக் கூடங்கள் மலிந்த இடமாகவும் விளங்குகின்றது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லும் அங்குத் திருவுருவமாகின்றது. மனிதவுடலோடு விலங்குறுப்பு விரவிய வடிவங்கள் சைவச் சிற்பத்துட் பல. இக்காலச் சிற்பிகள் பிறநாடுகளில் அமைக்கும் அத்தகைய உருவங்களோடு இவை ஒக்குமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் மூத்த பிள்ளையார் திருவுருவை இவ்வரிசையினின்றும் பிரித்தறிதல் வேண்டும். சிற்ப நூலார் அதனை ஐந்து தாள அளவிற் சமைப்பர். சிவபிரான் திருமேனிக்கோ உத்தம தசதாளம், அஃதாவது 124 அங்குலம், கொள்வர். அளவு வேறாயினும் இரண்டும் அருள்மேனியே. வினையால் வந்த உடம்பன்று, மாயையின் காரியமுமன்று. ஆதலின் யானைமுகத்தை விலங்குத் தன்மையெனக் கோடல் பொருந்தாது.

இனி, உயிர்வகையின் வைத்தெண்ணப்படுவாரை நோக்குவாம். அதிகார நந்திதேவர் விடைமுகமும் மனிதவுடலும் உடையராய், பின்னிரு கைகளில் மானும் மழுவும் ஏந்தி, முன்னிரு கைகளைக் கூப்பி நிற்பர். பதஞ்சலியார் இடைக்குக் கீழ்ப் பாம்புடல் உடையர். வியாக்கிரபாதர், வண்டு தீண்டுமுன் மலர் பறித்தற்பொருட்டு வழுக்காது மரமேறும் புலிக்காலை வேண்டிப் பெற்றவர். இவ்விருவரும் தில்லைக் கூத்தின் இருமருங்கும் கைகூப்பி நிற்றல் காண்க. மனித முகமும் சிங்கவுடலும் வாய்ந்த புருடாமிருகமோ, விழாக்காலத்து இறைவனைச் சுமக்கும் ஊர்தியாகின்றது.

விலங்குறுப்பு இழிவன்றோ எனின், அன்று. உயிரைப் பசுவென்றது பாசத்தாற் கட்டுண்டமை பற்றி. அக்கட்டு மனிதவுடம்பிலும் உண்டு. உயிரோ சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. பாசத்தைச் சாரின் பாசமாயும், பதியைச் சாரின் சிவமாயும் நிற்கும். ஆகவே உயிரின் நிலையைத் துணிதற்கு உறுப்பு அளவையாகாது, சார்பே அளவையாம். புலிக்காலும் பூப்பறித்தற்கு ஆயினமையின் தொண்டுறுப்பாயிற்று. மெய்கண்ட சந்தானத்தின் முதற்குரவர் திருநந்திதேவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தகும்.

பிறநாட்டு இக்காலச் சிற்பங்களுள் இரண்டு காட்டுதும். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்பார் 1948-இல் அமெரிக்க நாட்டு அரிசோனாவில் ‘மகரம்’ எனப் பொருள்படும் பெயரால் ஒரு சிற்பம் அமைத்தார். அதிற் கொம்புடைய விலங்குத்தலை அரசன் கோலேந்தி வீற்றிருக்க, அருகே அவன் அரசி உளள். குசராத்திற் பிறந்த துருவ மிஸ்திரி 1993-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர விக்டோரியா சதுக்கத்தில், மனிதத்தலையும் விலங்குடலும் கூடிய காவலுருவங்கள் இரண்டு நிறுவினார். இவற்றை இகழ்தல் நம் கருத்தன்று. கற்பனைத் திறத்தால் அவை சிறந்தனவே. ஆயின் முன்னையது ஆளும் விலங்கு. பின்னையன காக்கும் விலங்குகள். நம்மவை தொழும் விலங்குகள். அவ்விரண்டிடத்தும் தொழப்படும் பொருளொன்று முன்னிற்றல் இல்லை. வேற்றுமை இதுவேயாம்.

இதனாற் சிற்பிக்கும் திருப்பணி செய்விப்பார்க்கும் ஒரு கடப்பாடு பெறப்படும். இக்காலத்துக் கல்லறுக்கும் பொறியும் மின்னுளியும் வந்து வேலையை எளிதாக்கின, அதனாற் குற்றமில்லை. ஆனால், புதுமை கருதிப் பதஞ்சலியார் கூப்பிய கையை நீக்கிப் படைக்கலம் கொடுப்பின், எஞ்சுவது பாம்பும் மனிதனும் ஒட்டிய வியப்புருவமேயன்றிச் சிவத்தைச் சார்ந்த உயிரின் வடிவன்று. திருக்கோயிலுள் அவ்வுருவங்களைக் காண்பார் வாலையும் காலையும் கண்டு வியந்து கழியாது, கையை நோக்குக. அக்கை யாரை நோக்கிக் குவிந்ததோ, அங்கே தம் கையும் குவியுமாயின் கண்ட பயன் அதுவே.