பாலையில் ஒரு வெள்ளம்

பாலை என்றதும் தாகத்தையே நாம் நினைக்கிறோம். ஆயின், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சயான் தேசியப் பூங்காவின் குறுகிய பள்ளத்தாக்குகளில் வெள்ளமே பேரச்சம். வெறும்பாறை நீரை உறிஞ்சுவதில்லை. தொலைவில் பெய்த மழையும், தெளிந்த வானின்கீழ் நடப்போர்மீது திடீரெனப் பாயும்.

2015 செப்டம்பர் 14இல் கீஹோல் பள்ளத்தாக்கில் எழுவர் வெள்ளத்தில் மாண்டனர். வெள்ளம் வரக்கூடும் என அன்று காலையிலேயே பூங்காவினர் அறிவித்திருந்தனர். அவ்வெழுவரிடம் அனுமதிச்சீட்டும் இருந்தது. சீட்டு, வழிநடக்க இசைவேயன்றி உயிர்க்குக் காப்பன்று.

எனவே வானிலை அறிவிப்பை அறிதல், நாளொன்றுக்கு ஒருவர்க்கு நான்கு லிட்டர் நீர் கொள்ளுதல், திரும்பும் நேரத்தைப் பிறரிடம் உரைத்தல் ஆகியன இன்றியமையாதன. நீர் கலங்கினாலோ, மேற்புறத்தே இரைச்சல் எழுந்தாலோ உடனே மேட்டில் ஏறுதல் வேண்டும். பயணத்தைக் கைவிடுதல் கோழைமையன்று. அதுவும் அறிவுடைமையே என இளைஞர்க்கு உரைப்போம்.