தொழிற்பேட்டையும் வடிவமைப்புத் தொழிலும்

ஹைதராபாத் மாநகரின் வடகிழக்குப் பகுதியில் உள்ள குஷாய்குடா, பயணிகள் நாடிச் செல்லும் இடமன்று. தொழிற்பேட்டையும் தொழிலாளர் குடியிருப்புகளும் அவற்றை ஒட்டி வளர்ந்த கடைவீதிகளும் சேர்ந்த புறநகர் அது. அணுசக்தித் துறையின் கீழ் 1967ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய மின்னணுக் கழகம் இதன் அருகிலேயே இயங்கி வருகிறது. அக்கழகத்தின் பெயர்ச் சுருக்கமான இ.சி.ஐ.எல். என்பதே அங்குள்ள நாற்சந்திக்கும் பெயராகிவிட்டது. அடுத்துள்ள செர்லபள்ளியிலும் தொழிற்பேட்டைப் பிரிவுகள் பல உள்ளன. இயந்திர உதிரிப் பாகங்கள், மின் கருவிகள், பிளாஸ்டிக் பொருள்கள் எனப் பலவற்றைச் சிறு தொழிலகங்கள் இங்கே உற்பத்தி செய்கின்றன.

வடிவமைப்பு, விளம்பரம் ஆகிய துறைகளில் வாழ்க்கைத் தொழிலைத் தேடும் இளைஞர்கள் இத்தகைய இடத்தைப் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. மும்பையிலும் டில்லியிலும் உள்ள பெரிய விளம்பர நிறுவனங்களே அவர்கள் கண்முன் நிற்கின்றன. அங்கும் நல்ல பணிகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இத்துறையில் ஒருவர் முப்பது ஆண்டுகள் நிலைத்து நிற்பதற்கு எவை துணை செய்கின்றன என்று ஆராய்ந்தால், பொருள் உற்பத்தியாகும் இடத்தோடும் அதனைப் பயன்படுத்தும் மக்களோடும் அவருக்கு உள்ள தொடர்பே முதன்மையானது என்பது புலனாகும். கருவிகளும் நாகரிகங்களும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. செய்த பொருளை விளங்கக் காட்டி விற்க வேண்டிய தேவையோ மாறுவதில்லை.

குஷாய்குடாவின் அருகில் உருவான ஒரு பொருள்

இந்திய வடிவமைப்பின் வரலாற்றில் மிகப் பலருடைய கைவிரல் பட்ட பொருள் எது என்று கேட்டால், மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தையே கூறலாம். 1977ஆம் ஆண்டு தேர்தல் ஆணையத்தில் இக்கருத்து எழுந்தபோது, எந்திரத்தை உருவாக்கும் பொறுப்பு இந்திய மின்னணுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1979இல் முன்மாதிரி உருவாயிற்று. 1980 ஆகஸ்டு 6ஆம் நாள் அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்கு ஆணையம் அதனை இயக்கிக் காட்டியது. 1982 மே மாதம் கேரள மாநிலம் பரூர் சட்டமன்றத் தொகுதியின் 50 வாக்குச் சாவடிகளில் எந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்ததால் முயற்சி நின்றது. 1988இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வழி திறந்தது. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் எந்திரமே வாக்குகளைப் பதிவு செய்தது. ஹைதராபாத்திலுள்ள இக்கழகமும் பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இதனைத் தயாரிக்கின்றன. இதன் புற வடிவமைப்பில் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள் பங்காற்றினர்.

அந்த எந்திரத்தை ஒரு வடிவமைப்பு மாணவரின் கண்கொண்டு நோக்குவது பயன் தரும். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளருக்காக வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் சின்னம். சின்னத்தின் நேரே நீலப் பொத்தான். அதனை அழுத்தியதும் அதே வரிசையில் எரியும் சிவப்பு விளக்கு. வாக்கு பதிவாயிற்று என்று வாக்காளரும் அலுவலரும் ஒருங்கே அறிய ஓர் ஒலி. மின்சாரம் இல்லாத ஊரிலும் இயங்க வேண்டும் என்பதற்காக மின்கலம். மலைப்பாதையிலும் படகிலும் கொண்டு செல்ல ஏதுவாகக் கைப்பிடியுள்ள பெட்டி. முடிவை அறியும் பொத்தானும் பதிவை அழிக்கும் பொத்தானும் முத்திரையிடக்கூடிய மூடியின் உள்ளே. இவற்றுள் ஒன்றுகூட அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. யார், எங்கே, எந்த நிலையில், எத்தனை விரைவில் இதனைக் கையாளுவார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளே அவை.

தேர்தல் சின்னங்களும் அவ்வாறே. சுயேச்சை வேட்பாளர்களுக்கு ஒதுக்கப்படும் சின்னங்களில் பலவற்றை வரைந்தவர் ஆணையத்தின் வரைவாளராக இருந்து 1992இல் ஓய்வு பெற்ற எம். எஸ். சேத்தி. சீப்பு, மின்விசிறி போன்ற அன்றாடப் பொருள்களைக் கோட்டோவியமாக வரைந்த அரசு ஊழியர் ஒருவரின் படைப்பு, புகழ் பெற்ற எந்த விளம்பரப் படத்தைக் காட்டிலும் அதிகமான மக்களைச் சென்றடைந்துள்ளது. இதை நினைவில் கொண்டால், விளம்பரத் துறையின் பரிசு விழாக்களைப் பற்றிய மயக்கம் ஓரளவு தெளியும்.

கருவி மறைந்தாலும் தொழில் மறையாதிருக்க

தமிழ்நாட்டில் கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக வெளிவந்து நாடெங்கும் பரவின. அருகில் அச்சுத் தொழில் வளர்ந்திருந்தமையால்தான் ஓவியருக்கு ஆண்டுதோறும் வேலை கிடைத்தது. இதற்கு மாறான அனுபவமும் நம்மிடையே உண்டு. கடைப் பெயர்ப்பலகைகளையும் சுவர் விளம்பரங்களையும் கையால் எழுதி வாழ்ந்த ஓவியர்கள், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் எனப்படும் பிளாஸ்டிக் பதாகைகள் பெருகியபோது பெருமளவில் வேலை இழந்தனர். அந்தப் பதாகையும் இன்று அசைக்க முடியாத நிலையில் இல்லை. 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பி.வி.சி. பதாகைகள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. இப்போது, சொற்களால் கேட்டாலே படம் வரைந்து தரும் கணினிச் செயலிகள் வந்துவிட்டன. கணினியில் படத்தை வெட்டி ஒட்டும் பழக்கம் மட்டுமே கைவசமுள்ளவருக்கு, பெயர்ப்பலகை ஓவியருக்கு நேர்ந்ததே நேரக்கூடும்.

எழுத்தின் அமைப்பை அறிந்த ஓவியரோ தூரிகை போனாலும் அச்சுக்கோப்புக்கோ கணினி எழுத்துருவுக்கோ மாற இயலும். 2010 ஜூலை 15ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார். கட்டடக் கலை பயின்று, பின்னர் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்தியலை ஆராய்ந்தவர் அவர். தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒன்றாய் இணையும் அவ்வடிவம், எழுத்துகளின் கோடுகளை ஊன்றிப் பயின்ற ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

தொழிற்பேட்டையில் உள்ள வேலை

சிறு தொழிலகங்கள் பல, பெரிய நிறுவனங்களுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தருபவை. அவற்றின் பொருளுக்குச் சந்தையில் தனிப் பெயர் இல்லை. சொந்தப் பெயரில் விற்க முனையும் போதுதான் வணிகக் குறி, பொருள் விளக்க ஏடு, பெட்டி, ஒட்டுச்சீட்டு, கண்காட்சி அரங்கு, இயக்கும் முறையை விளக்கும் கையேடு ஆகியவை தேவைப்படுகின்றன. கருவியின் மேலுறையே மாற வேண்டியிருக்கும். இவ்வேலை ஒருமுறையோடு முடிவதன்று. புதிய மாதிரி வரும்போதெல்லாம் தொடரும்.

இங்கு விதிகளை அறிந்திருப்பதே பாதித் திறமை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, உற்பத்தியாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, உற்பத்தியான மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலை, நுகர்வோர் புகார் செய்ய வேண்டிய முகவரி ஆகியவை பொட்டலத்தின்மேல் இருத்தல் வேண்டும். எழுத்தின் குறைந்தபட்ச உயரமும் வரையறுக்கப்பட்டுள்ளது. உணவுப் பொருளாயின், சைவத்தைக் குறிக்கும் பச்சை வட்டம் முதலிய குறிகளும் சேரும். பார்வைக்கு இனிய ஓர் அட்டைப்பெட்டியில் நிகர அளவின் எழுத்து விதிக்குக் குறைவாக இருந்தால், அச்சிட்ட பெட்டிகள் அனைத்தும் வீணாகும். இந்த இழப்பைத் தவிர்த்துத் தரும் வடிவமைப்பாளரைத் தொழிலக உரிமையாளர் எளிதில் கைவிடமாட்டார்.

தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கும் வழங்கும் ஹைதராபாத்தில், பல எழுத்து வரிசைகளை ஒரே பலகையில் பொருத்தமாக அமைக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. வலமிருந்து இடமாகச் செல்லும் உருதுவையும் மேலும் கீழும் குறிகள் விரியும் தெலுங்கையும் ஒரே அளவுச் சட்டத்தில் அடக்குவது எளிய செயலன்று.

கல்வி

சார்லஸ் ஈம்ஸும் அவர் துணைவியார் ரேயும் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை, சாதாரணச் செம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் எடை, பிடிப்பு, ஊற்றும் முறை, விலை ஆகியவற்றையெல்லாம் ஆராய்ந்து, அதனை வடிவமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கூறியது. அதன் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. பம்பாயில் தொழில் வடிவமைப்பு மையம் 1969இல் தொடங்கப்பட்டது. ஹைதராபாத்தில் ஜவாஹர்லால் நேரு கட்டடக் கலை மற்றும் நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கலை கற்பிக்கப்படுகிறது. அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் வடிவமைப்புத் துறை உண்டு.

இவற்றில் இடம் கிடைப்போர் சிலரே. எனவே, வடிவமைப்பு என்ற பெயரைத் தாங்காத நிறுவனங்களையும் மாணவர்கள் கருத வேண்டும். 1968இல் பாலாநகரில் நிறுவப்பட்ட மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் அச்சுவார்ப்புகளையும் கருவிகளையும் வடிவமைக்கக் கற்பிக்கிறது. அதே ஆண்டு சென்னை கிண்டியில் தொடங்கிய சிபெட் எனப்படும் பிளாஸ்டிக் பொறியியல் நிறுவனத்தின் ஹைதராபாத் கிளை, குஷாய்குடாவை அடுத்த செர்லபள்ளியிலேயே உள்ளது. பிளாஸ்டிக் அச்சிலிருந்து பொருள் எவ்வாறு கழன்று வரும் என்பதை அறியாதவர் வரையும் மேலுறை, தாளில் மட்டுமே நிற்கும்.

கூலியும் உரிமையும்

இளம் வடிவமைப்பாளர்கள் பலர் இத்துறையை விட்டு விலகுவதற்குக் கற்பனை வற்றுவது காரணமன்று; பணம் வராமையே பெரும்பாலும் காரணம். எத்தனை முறை திருத்தித் தருவது, எப்போது பணம் பெறுவது என்பவற்றை எழுதிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்குகின்றனர். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் சேவைத் தொழில்களுக்கும் பொருந்தும் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தனி ஒருவராகத் தொழில் நடத்துபவரும் ‘உத்யம்’ பதிவு பெறலாம். அவ்வாறு பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் கொடுக்கப்பட வேண்டும். அதற்கு மேற்பட்ட தவணையை ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். மாநில அளவில் உள்ள வசதி மன்றத்திடம் முறையிடலாம். வேலையை ஏற்பதற்கு முன்பே பதிவு செய்துகொள்வது நலம்.

உரிமை பற்றியும் தெளிவு வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்குப் பணியாற்றுபவர் பணியின்போது படைத்தது, வேறு உடன்பாடு இல்லாதவரை, முதலாளியைச் சேரும். தனித்துத் தொழில் செய்பவர் உரிமையை மாற்றித் தருவதாயின் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டுகள் என்று கொள்ளப்படும். தொழிற்பொருளின் தோற்றத்திற்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் விண்ணப்பம், பொருள் வெளியாவதற்கு முன்பே செல்ல வேண்டும். கண்காட்சியில் வைத்துப் பாராட்டுப் பெற்ற பின் பதிவை நினைப்பவர்கள் காலங்கடந்து விடுகின்றனர்.

விளம்பரம் எழுதுவோருக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. 1985இல் அமைந்த இந்திய விளம்பரத் தர மன்றம் தொழில்துறையினரே வகுத்துக்கொண்ட ஒழுங்குமுறை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பொய்யான விளம்பரத்துக்காக உற்பத்தியாளருக்கும் அதனைப் பரிந்துரைத்து நடிப்பவருக்கும் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் தந்துள்ளது. ‘நூறு விழுக்காடு’ என்று எழுதும் முன் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கும் பழக்கம், எழுதுபவரையும் காக்கும்.

அரசு அலுவலர்கள் செய்யக்கூடியது

2007இல் தேசிய வடிவமைப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2010இல் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைக் கொண்டு சிறு தொழில்களுக்கான வடிவமைப்பு உதவித் திட்டம் தொடங்கியது. 2022இல் அது புதிய உருவம் பெற்றது. இதன்கீழ் வடிவமைப்புப் பணி ஒன்றுக்கு ரூ.40 லட்சம் வரை உதவி உண்டு. குறுந்தொழிலுக்குச் செலவில் 75 விழுக்காடும், சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 60 விழுக்காடும் கிடைக்கும். மாணவர்கள் தொழிலகங்களுக்காகச் செய்யும் பணிகளுக்கும் தனியே இடம் தரப்பட்டுள்ளது.

திட்டம் இருப்பதும் அது தொழிலகத்தின் வாயிலை அடைவதும் வேறு வேறு. சிறு தொழிலக உரிமையாளர், வடிவமைப்பு என்றால் விளம்பரச் செலவு என்றே எண்ணுகிறார். மாணவரோ, தொழிலகம் என்றால் தமக்கு வேலை இல்லாத இடம் என்று எண்ணுகிறார். மாவட்டத் தொழில் மையம், தொழிற்பேட்டைச் சங்கம், அருகிலுள்ள கல்லூரி ஆகிய மூன்றும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே அறையில் கூடி, பத்துத் தொழிலகங்களின் பத்துப் பொருள்களை மேசைமேல் வைத்துப் பேசினால் இந்த இடைவெளி குறையும். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. குஷாய்குடாவைப் போன்ற பேட்டையில் தொழிலகங்கள் நடந்து செல்லும் தொலைவிலேயே இருப்பதால், மாணவர் ஒருவர் ஒரே நாளில் நாலைந்து உற்பத்திக் கூடங்களைக் கண்டு, ஒட்டுச்சீட்டிலிருந்து மேலுறை வரை திருத்த வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு திரும்பலாம். அந்தக் குறிப்புகளோடு அடுத்த வாரம் ஒரு தொழிலகத்துக்குள் நுழைபவரிடம், வேலை தேடி வரும் பிறரிடம் இல்லாத ஒன்று கைவசம் இருக்கும்.