பொருள்வயிற் பிரிவும் ஜொகூர்க் கடற்பாலமும்

பண்டைத் தமிழ்ச் சான்றோர் அகப்பொருளை ஐந்திணையாக வகுத்த காலத்துப் பிரிவினைப் பாலைக்கு உரியதாக்கினர். கல்வி கருதியும், வேந்தன் வினை கருதியும், பொருள் கருதியும் தலைமகன் மனை நீங்கிச் செல்லுதலை வகைப்படுத்திப் பெயரும் இட்டனர். அவற்றுள் பொருள்வயிற் பிரிவு இக்காலத்தும் ஒழிந்திலது. அதன் வடிவமே மாறியுளது. ஆண்டு பல கழித்து மீளும் பிரிவினை நாம் நன்கறிவோம். விடியுமுன் பிரிந்து அன்றிரவே மீளும் பிரிவொன்றும் உண்டு; அதுவும் ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்கு! மலேசியாவின் தென்கோடியிலுள்ள ஜொகூர் பாரு நகரிற் குடியிருந்து, நாடோறும் சிங்கப்பூர் சென்று தொழில் புரிந்து மீளும் மக்களது நெடும்பகலே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

இவ்விரு நிலங்களுக்கும் இடைப்பட்டது ஜொகூர் நீரிணை. அதன் குறுக்கே கருங்கல் கொட்டி அடைத்த கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1,056 மீட்டரே. விரைந்து நடப்பவர் கால் மணி நேரத்திற் கடந்துவிடுவர். 1919 இல் தொடங்கிய இப்பணி 1923 இல் இரயில் வண்டி ஓடும் அளவிற்கு முற்றுப்பெற்றது. 1924 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் பாலம் முறைப்படி திறக்கப்பெற்றது. அதற்கு முன்னர் ஆளும் சரக்கும் கலமேறியே கரை கடக்க வேண்டியிருந்தது. அத்தடையை நீக்குதலே பாலம் சமைத்தோரின் நோக்கம். அந்நாளில் இரு கரையும் ஆங்கிலேயர் ஆதிக்கத்திற்கு உட்பட்டிருந்தன. பின்னர் 1965 ஆகஸ்டு 9 ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்து தனி நாடாயிற்று. 1967 இல் கடவுச்சீட்டுச் சோதனையும் தோன்றியது. பாலம் ஓரடியும் நீண்டிலது. வழி மட்டும் நீண்டுவிட்டது.

இத்துணைத் துன்பமும் பொறுத்து மக்கள் செல்வதற்குக் காரணம் யாது? விடை நாணயத்தில் உள்ளது. 1973 வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றத்தக்கனவாய் இருந்தன. அவ்வேற்பாடு நீங்கிய பின்னர்ச் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு படிப்படியே உயர்ந்தது. அண்மை ஆண்டுகளில் ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டிற்கு மேலும் கிடைக்கலாயிற்று. தீவில் ஈட்டித் தீபகற்பத்திற் செலவிடும் குடும்பத்திற்கு அதே உழைப்பு பன்மடங்கு பயன் தருகின்றது. வீட்டு வாடகையும் உணவும் ஜொகூரில் மலிவு. ஆதலின் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒருங்கே அவ்வழிச் செல்கின்றனர்.

இனி, அவர்தம் நாளினை நோக்குவோம். பேருந்திற் செல்பவர் முதலில் ஜொகூர் பாருச் சாவடியில் இறங்கிக் கடவுச்சீட்டைக் காட்டல் வேண்டும். மீண்டும் பேருந்தேறிப் பாலங் கடந்து உட்லண்ட்ஸ் சாவடியில் இறங்கல் வேண்டும். அங்கும் சோதனை முடித்து மூன்றாம் முறையாகப் பேருந்தேறல் வேண்டும். மாலையில் இவையனைத்தும் தலைகீழாக நிகழும். மோட்டார் சைக்கிளிற் செல்வோர் ஆயிரக்கணக்கானோர். மழையாயினும் அவர்க்குக் குடை அவர்தம் மேற்சட்டையே. எடுத்துக்காட்டாக, காலை 5 மணிக்கு மனை நீங்கி, 8 மணிக்குப் பணியேற்று, மாலை 6 மணிக்கு விடுபட்டு, இரவு 8.30 மணிக்கு மனை சேரும் ஒருவனைக் கருதுக. அவன் புறத்தே கழித்த 15½ மணியில் 5½ மணி வழிக்கே இரையாயிற்று. அந்நேரத்திற்கு ஊதியம் தருவார் ஒருவரும் இலர். நெடுந்தொலைவு செல்வார்க்குக் கடிகாரமேனும் மாறும். இங்கோ இரு கரையிலும் மணி ஒன்றே, மாறுவது மனிதனின் களைப்பே.

ஆயினும் இந்நெடும்பகலையும் ஒரு பேறாக எண்ண வைத்த காலம் ஒன்று வந்தது. கொரோனா நோய் பரவியமையால் 2020 மார்ச்சு 18 ஆம் நாள் மலேசியா தன் எல்லையை அடைத்தது. முன்னாள் இரவிற்குள் சிங்கப்பூர் சேர்ந்தவர் வேலையைக் காத்துக்கொண்டனர், வீட்டை இழந்தனர். தங்க இடமின்றி இரயில் நிலையத்தருகே படுத்துறங்கினாரும் உளர். அவ்வாண்டு ஆகஸ்டில் வகுத்த ஏற்பாட்டின்படியும், குறைந்தது 90 நாள் சிங்கப்பூரில் தங்கிய பின்னரே ஒருவர் விடுமுறைக்கு வீடு செல்லக் கூடியதாயிருந்தது. 2021 நவம்பர் 29 இல் தடுப்பூசி இட்டுக்கொண்டார்க்குத் தரைவழி ஓரளவு திறந்தது. 2022 ஏப்பிரல் முதல் நாளன்றே வழி முழுதும் திறந்தது. சங்கப் பாடல்களில் தலைவி சுவரிற் கோடிட்டு நாளெண்ணுவாள். கால் மணித் தொலைவில், எதிர்க்கரை விளக்கொளி கண்ணிற்படும் இடத்தில், அவ்வெண்ணுதல் இந்நூற்றாண்டிலும் நிகழ்ந்தது வியப்பன்றோ!

இவ்வின்னலைக் குறைக்க முயற்சியும் இல்லாமல் இல்லை. 1998 இல் துவாஸ் வழியாக இரண்டாம் பாலம் திறக்கப்பெற்றது. 2024 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளிற் கடவுச்சீட்டிற்கு மாற்றாகக் கியூ.ஆர். குறியீடு காட்டவும் வழி செய்தனர். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவு இரயில் பாதைக்கு 2018 இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. அத்திட்டத்தின் சிறப்பு வேகத்தில் மட்டும் இல்லை. இரு நாட்டுச் சோதனையையும் புறப்படும் நிலையத்திலேயே முடித்துவிடுதலில் உளது. ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறும் வேலை மிச்சமாகும்.

நாட்டின் எல்லைகள் வேண்டியனவே; அவற்றைக் காத்தல் அரசின் கடன். எனினும் சாவடியில் வரிசை ஒரு மணி குறையுமாயின், அது கணக்கேட்டில் ஓர் எண். ஜொகூர் பாருவில் ஒரு வீட்டிலோ, குழந்தை உறங்குமுன் தந்தை வந்து சேர்தல். தொலைவை அளக்க மைலும் மீட்டரும் போதா. மனையில் விளக்கேற்றிக் காத்திருப்பவரின் நாழிகையே அதற்கேற்ற அளவுகோல்.