மூட்டை தூக்குபவருக்கும் மேஜையில் அமர்பவருக்கும் ஒரே அளவு சோறா?

மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா பகுதிகளில் நம்மவர்கள் நடத்தும் மெஸ்களில், மதியப் பந்தியில் சுமை தூக்கும் தொழிலாளியும் ஆபீஸ் குமாஸ்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது சாதாரணக் காட்சி. முழுச் சாப்பாடு என்றால் இருவருக்கும் ஒரே அளவுதான். ஆனால் இருவர் உடம்பும் கேட்கும் கணக்கு ஒன்றல்ல.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை பார்ப்பவராக இருந்தால் நாளொன்றுக்கு 2,110 கலோரி போதும். கடுமையாக உழைப்பவருக்கு 3,470 கலோரி வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது முறையே 1,660, 2,720 கலோரி.

ஊரில் வயலில் இறங்கி உழைத்த காலத்தில் பழகிய சாப்பாட்டு அளவை, மேஜை வேலைக்கு வந்த பிறகும் பலர் மாற்றிக்கொள்வதில்லை. தொந்தியும் சர்க்கரை வியாதியும் தலைகாட்டுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அது கணக்கிட்டது.

அடுப்பில் எரிவது எது?

உடம்புக்கு முக்கிய எரிபொருள் இரண்டு. ஒன்று மாவுச்சத்து, மற்றது கொழுப்புச் சத்து. அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, பாவ் ரொட்டி ஆகியவற்றில் மிகுந்திருப்பது மாவுச்சத்து. இது செரிமானத்தில் குளுகோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. மூளை பெரும்பாலும் இதை நம்பியே வேலை செய்கிறது. மூட்டையைத் தூக்கி ஏணி ஏறும்போது தசைகள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

உடனே செலவாகாத குளுகோஸில் ஒரு பகுதி கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் சேமிப்பாகத் தங்குகிறது. இந்தக் களஞ்சியம் சிறியது. அது நிறைந்த பிறகு வரும் உபரி கொழுப்பாக மாறி இடுப்பைச் சுற்றிப் படிகிறது. "எண்ணெயே தொடுவதில்லை, வயிறு மட்டும் பெருக்கிறதே" என்று சிலர் வியப்பதற்கு விடை இதுதான்.

ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. கொழுப்பு மெதுவாகச் செரிக்கும், நின்று எரியும். ஓய்விலும் மெதுவான நடையிலும் உடம்பு இதை அதிகம் பயன்படுத்துகிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும். எனவே எண்ணெயை அறவே ஒதுக்குவது தவறு.

சோற்றை அறவே விடுவதும் தவறே. போதிய மாவுச்சத்து இல்லாவிட்டால், தசையை வளர்க்க வேண்டிய புரதத்தையே உடம்பு எடுத்து எரிக்கிறது. சுமை தூக்குபவர் காலையில் வெறும் டீயோடு வேலைக்குப் போனால், பதினொரு மணிக்குக் கை கால் தளர்வதில் வியப்பில்லை.

குன்னூர் எலிகள் சொன்ன பாடம்

இந்த ஐதராபாத் நிறுவனம் முதலில் தோன்றியது நம் குன்னூரில். 1918-ல் டாக்டர் ராபர்ட் மெக்கரிசன் அங்கு தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு மாறியது. 1920-களில் அவர் எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, நாட்டின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவைக் கொடுத்து வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, பால், நெய், காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு கொழுத்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன.

இதைக் கேட்டு அரிசியைப் பழிக்க வேண்டியதில்லை. தீட்டிய அரிசியே தட்டை நிறைத்து, பருப்பும் பாலும் காயும் பெயருக்கு மட்டும் இருந்ததே குறை. அந்தக் குறை இன்றும் நம் தட்டில் தீரவில்லை.

தட்டில் எவ்வளவு?

2,000 கலோரி தேவைப்படுபவருக்கு அதே நிறுவனம் 2024-ல் சொன்ன அளவு: தானியம் 250 கிராம், பருப்பு வகை அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். இவற்றோடு கொஞ்சம் பழமும் கடலை வகையும். மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

குமாஸ்தா ஒருவர் தினம் 400 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலேயே சுமார் 1,400 கலோரி வந்துவிடும். இரண்டாவது முறை சோறு கேட்பதற்குப் பதில் கூட்டும் பருப்பும் கேட்பது நல்லது. எண்ணெயை மாதக் கணக்கில் பார்த்தால் தலைக்குச் சுமார் 800 கிராம். கடையில் சாப்பிடும் பஜியும் வடையும் இந்தக் கணக்கில் சேரும்.

வடா பாவ் விலை மலிவு, பசியும் அடங்கும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மைதாவும் உருளைக்கிழங்கும் எண்ணெயும். வாரத்தில் சில நாளாவது அதற்குப் பதில் முளைகட்டிய பயறு உசல், அவித்த முட்டை, வறுத்த கொண்டைக்கடலை, வாழைப்பழம் என்று மாற்றலாம். கடும் உழைப்பாளி சோற்றையோ சப்பாத்தியையோ குறைக்க வேண்டாம். அதோடு பருப்பையும் வேர்க்கடலையையும் கூட்டிக்கொள்ளட்டும். பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்ததை இருவருமே தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு அளவைத் திடீரென்று மாற்றக்கூடாது. மற்றவர்கள் நாளை மதியமே தொடங்கலாம்: அன்று செய்த வேலையை நினைத்துப் பார்த்து, அதற்கேற்ற சோற்றைப் போட்டுக்கொண்டால் போதும்.