சேறு காத்திருக்கும், கடல் காத்திருக்காது

கடலோரப் பாதுகாப்பைப் பற்றிய நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் சிம்பாங் அம்பாட்டைச் சேர்ந்த ஒரு தாயார் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

“சனிக்கிழமை வந்தால் என் மகன் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பத்து காவான் பக்கம் போய்விடுகிறான். தண்ணீர் வற்றியதும் சேற்றில் இறங்கி வெகுதூரம் நடக்கிறார்களாம். கேட்டால், ‘பயப்படாதீங்கம்மா, நேற்றும் அங்கேதான் நின்றோம்’ என்கிறான். நான் பயப்பட வேண்டுமா, வேண்டாமா?”

அம்மா, உங்களுக்குப் பயம் தர வேண்டியது ‘நேற்றும் நின்றோம்’ என்ற அந்த வார்த்தைதான். ஏன் என்று பார்ப்போம்.

கனடா, பின்லாந்து போன்ற குளிர்நாடுகளில் ஏரி உறைந்ததும் மக்கள் பனிக்கட்டியின் மேல் நடந்து சென்று, அதில் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். புதிதாக உறைந்த கெட்டியான பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஓர் ஆளைத் தாங்கும் என்பது அவர்களின் கணக்கு. ஆனால் குளிர்காலம் முடியும் நேரத்தில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். கனம் குறையாமலேயே, வெயில் பட்டு உள்ளுக்குள் இளகிவிடும். காலையில் தாங்கிய இடம் மாலையில் தாங்காது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் பனிக்கட்டி பிளந்து கரையை விட்டு விலகியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார்.

நமக்குப் பனிக்கட்டி இல்லை. ஆனால் சில மணி நேரம் தரையாக இருந்து, பிறகு கடலாகிவிடும் சேற்று நிலம் செபராங் பிறை கரையோரம் நெடுக இருக்கிறது.

தண்ணீரின் கணக்கு

பினாங்குக் கடலில் நாளொன்றுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி, இரண்டு முறை இறங்கும். இறங்கி முடிந்து மீண்டும் ஏறி நிறைய ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே நேற்று 5 மணி வரை நின்றோம் என்பது இன்றைக்கு உதவாது. ஒரு வாரம் கழித்தோ, கணக்கே தலைகீழாகிவிடும்.

தண்ணீர் ஒரே சீராகவும் ஏறுவதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் பாதி ஏறிவிடும். மொத்தம் 2 மீட்டர் ஏற்றம் என்றால், அந்த இரண்டு மணி நேரத்தில் 1 மீட்டர். முதல் மணி நேரத்தைப் பார்த்து, “மெதுவாகத்தானே ஏறுகிறது” என்று நிற்பவர்களே மாட்டிக்கொள்கிறார்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் கவனம் தேவை. அந்நாட்களில் தண்ணீர் அதிக தூரம் வற்றும். நம்மையும் அதிக தூரம் நடக்க வைக்கும். திரும்பி வரும்போது வேகமாக வரும். அதுவும் நமக்கு முன்னால் மட்டும் வராது. பின்னால் உள்ள ஓடைகளையும் பள்ளங்களையும் முதலில் நிரப்பிவிடும். கடலையே பார்த்துக்கொண்டு நிற்பவருக்குக் கரைக்குப் போகும் வழி அடைபட்டது தெரியாது. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்கேம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர், இருட்டில் இப்படித்தான் தண்ணீர் சூழ்ந்து மாண்டார்கள்.

மாமா சொன்ன பாடம்

எனக்கு 14 வயது இருக்கும்போது மாமாவுடன் தூண்டில் போடப் போனேன். திரும்பும் வழியில் என் கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. ஒரு காலை இழுத்தால் மறு கால் ஆழமாகப் போனது. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். மாமா என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. “உட்காருடா, அப்படியே பின்னால் சாய்ந்துகொள்” என்று அதட்டினார். ஐஸ் பெட்டியின் மூடியைத் தள்ளிவிட்டு, அதன் மேல் சாயச் சொன்னார். காலணியை அங்கேயே விட்டுவிட்டு, தவழ்ந்து கரை சேர்ந்தேன். அன்று பிடித்த மீனும் போயிற்று, அவருடைய புதுத் தூண்டிலும் போயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் செய்தது சரியான முறை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. நின்றால் உடல் எடை முழுவதும் இரண்டு பாதங்களில் இறங்கும். சாய்ந்தால் எடை பரவும். காலைச் சிறிது சிறிதாக ஆட்டினால் இடையில் தண்ணீர் புகுந்து பிடி தளரும். பிறகு வந்த வழியிலேயே தவழ்ந்து திரும்ப வேண்டும். பனிக்கட்டி உடைந்து விழுந்தவருக்கும் இதையேதான் சொல்கிறார்கள்: வந்த திசைக்கே திரும்பு, எழுந்து நிற்காதே, படுத்தபடி நகர். கெராங் பொறுக்கும் மலாய்க்காரர்கள் ‘தோங்கா’ என்ற பலகையின் மேல் சேற்றில் சறுக்கிப் போவதும் இதே காரணத்தால்தான்.

புறப்படும் முன்

ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே கரையில் இருக்கும்படி கைத்தொலைபேசியில் மணி வைத்துவிடுங்கள். மணி அடித்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்ப வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். மிதவை அங்கி, கயிறு, விசில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடி மின்னல் அதிகம். கார்பன் தூண்டில் கழி மின்சாரத்தைக் கடத்தும். வானம் கறுத்தால் இடிக்குக் காத்திருக்காமல் திரும்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மீண்டும் இறங்க வேண்டாம்.

யாராவது சிக்கிக்கொண்டால் உடனே 999-ஐ அழையுங்கள். நீங்களும் சேற்றில் ஓடிப்போய் இறங்காதீர்கள். கயிறோ பலகையோ வீசுங்கள்.

அம்மா, மகனைத் தடுக்க வேண்டாம். தூண்டில் பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு, பொறுமையைக் கற்றுக்கொடுக்கும். ஆனால் இந்தச் சனிக்கிழமை அவன் கிளம்பும்போது, “எங்கே போகிறாய்?” என்பதோடு நிறுத்தாமல், “இன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும்?” என்றும் கேளுங்கள். பதில் தெரிந்தால் போகட்டும். தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு போகட்டும்.