கச்சான் காற்றும் கடல்கடந்த தீர்வையும்

ஆடி பிறந்ததும் இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலை மலைகளில் கச்சான் காற்று வீசத் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாகப் பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் இறங்குகிறது. அவ்வறட்சியில் இளங்கொழுந்தில் மெத்தில் சாலிசிலேட்டு என்னும் குளிர்மணச் சேர்மம் மிகுகிறது. ஊவாத் தேயிலை உலகப் புகழ் பெற்றது இக்குளிர்மணத்தால்தான்.

இத்துணைப் பெருமை வாய்ந்த கொழுந்துக்குக் காத்திருக்கும் ஆற்றல் மட்டும் இல்லை. ஏறத்தாழ வாரம் ஒருமுறை பறிக்காவிடில் முற்றிவிடும். பறித்ததை அன்றே வாட்டத் தொடங்காவிடில் கெட்டுவிடும்.

வாங்கும் நாடு விதிக்கும் இறக்குமதித் தீர்வையின் சுமை யார்மீது விழுகிறது என்பதை விளக்க, காத்திருக்க இயலாத இந்நிலையே போதும். தீர்வையைச் செலுத்துபவர் இறக்குமதியாளர். ஆயினும் சுமை அவரிடமே தங்கிவிடுவதில்லை. மாற்றுவழி உடையவரிடமிருந்து அது நழுவி, மாற்றுவழி அற்றவர்மீது சென்று அமர்கிறது. வாங்குவோர் வேறொரு நாட்டுச் சரக்கை நாடலாம். விற்போரோ காத்திருக்க இயலாமல் 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் கிடைத்த விலைக்கு விற்கின்றனர். அங்கே விலை இறங்கினால் தோட்ட நிருவாகம் தன் செலவைச் சுருக்குகிறது. அச்சுருக்கம் இறுதியில் வந்து சேருமிடம் கொழுந்து நிறுக்கும் தராசு.

அத்தராசின் முன்னே மாலையில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோ கழிக்கப்படுகிறது. எஞ்சிய எடை குறித்த அளவை எட்டினால் அன்றைக்குப் 'பேர்'; எட்டாவிடில் 'அரைப்பேர்', அதாவது அரைநாள் கூலி. கச்சான் காலத்தில் மணம் மிகும்; கொழுந்தோ அருகும். ஆகவே தேயிலை உயர்ந்த விலைக்குப் போகும் பருவத்திலேயே அதைப் பறித்தவளுக்கு அரைப்பேர் விழும் வாய்ப்பு மிகுகிறது.

வரலாறும் இதையே உரைக்கிறது. உலகப் பெருமந்தத்தில் தேயிலை விலை சரிந்தபோது, இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர் ஏற்றுமதியை மட்டுப்படுத்த 1933இல் உடன்பாடு கண்டனர். தோட்டங்களுக்கு அவ்வுடன்பாடு அரணாயிற்று. தொழிலாளரோ கூலிக் குறைப்பை ஏற்றனர். பலர் வேலையிழந்து தலைமன்னார் வழியே தமிழகம் திரும்பினர்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 விழுக்காட்டுத் தீர்வையை அறிவித்தது; பின்னர் அது 30 ஆகி, ஆகஸ்டில் 20 ஆயிற்று. அமெரிக்கா நம்மிடம் மிகுதியாக வாங்குவது தேயிலையை அன்று, ஆடையை. ஆயினும் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடுகள் இதனால் கலங்கின. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் மாதம் ஓடுகிறது. தாயின் வாழ்வு ஏலத்தையும் மகளின் வாழ்வு தீர்வையையும் சார்ந்து நிற்கிறது.

கடல்கடந்த வாணிகம் இன்றித் தேயிலைத் தோட்டம் இல்லை. அவ்வாணிகத்தை ஒழிப்பது தீர்வாகாது. மாற வேண்டியது தொழிலாளரின் காத்திருக்க இயலா நிலை. சொந்தமாகச் சிறு காணி, அதில் ஒரு வீடு, ஒரு கறித்தோட்டம், ஒரு பசு, கையில் சிறிது சேமிப்பு ஆகியவை இருந்தால், குறைந்த கூலிக்கு மறுப்புச் சொல்லும் வலிமை கொழுந்து பறிப்பவளுக்குப் பிறக்கும். சுமை தாங்குவோர் யார் என்பதை வலிமையே முடிவு செய்கிறது. ஆகவே காணியுரிமை என்பது இரக்கத்தால் ஈயும் கொடையன்று. அது தராசை நேராக்கும் எடைக்கல்.